மீன் குழம்பில் கிடந்த வெள்ளை உருண்டை: கண் லென்ஸ் பற்றி ஒரு சந்தேகம்

குடமுருட்டிக்கரை (திருவையாறு பக்கம்)
ஞாயிறு, மதியம் 2.40

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு வீட்ல விரால் குழம்பு. எட்டு வயசுப் பாப்பா மீன் தலைய எடுத்து, கண்ணை நோண்டி, உள்ளேருந்து வெள்ளையா ஒரு உருண்டைய எடுத்து இலை ஓரத்துல வச்சா. "அப்பா, மீன் இதாலதான் பார்க்குமா? இவ்ளோ வெள்ளையா இருந்தா எப்படிப்பா தெரியும்?"னு கேட்டா. சின்ன வயசுலேருந்து அந்த உருண்டையத் துப்பிப் போட்டுக்கிட்டுதான் இருக்கேன். ஒருநாளும் இப்படி யோசிச்சதில்ல. பதில் சொல்லத் தெரியல.

இன்னொண்ணும் கேட்டா. போர்செட்டுத் தொட்டில தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, மேலேருந்து பார்த்தா அடியில கெடக்குற கூழாங்கல்லு தெரியுது. முங்கிக் கண்ணைத் தொறந்தா மட்டும் ஏன் எல்லாம் கரைஞ்ச மாதிரி தெரியுதுன்னு. தெரிஞ்சவங்க சொல்லுங்க. புள்ளைக்கிட்ட தப்பாச் சொல்லிடக் கூடாது.

நாகை வலைக்காரன்
ஞாயிறு, மாலை 4.15

அந்த உருண்டைதான் மீனோட லென்ஸு. வேகுறதுக்கு முன்னாடி வெள்ளையா இருக்காது தம்பி, சுத்தமான கண்ணாடிக் குண்டு மாதிரி இருக்கும். சங்கரா, வஞ்சிரம், கெளுத்தி எதை அறுத்தாலும் உருண்டைதான். ஆட்டுக் கண்ணுல பார்த்திருக்கேன், அது கொஞ்சம் தட்டையா இருக்கும்.

இயற்பியல் டீச்சர் (மயிலாடுதுறை, ஓய்வு)
ஞாயிறு, இரவு 8.05

இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் போய் முடிகிற கேள்விகள். உங்கள் பெண்ணுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் தம்பி. முப்பது வருஷம் பாடம் எடுத்ததில் "வெள்ளையா இருந்தா எப்படித் தெரியும்" என்று ஒரு பிள்ளைகூட என்னைக் கேட்டதில்லை.

முதலில் வெள்ளை. லென்ஸில் தண்ணீரும் புரதமும்தான் பெரும்பகுதி. அந்தப் புரதங்களுக்குக் கிரிஸ்டலின் என்று பெயர். அவை நெருக்கமாக, ஒரே சீராக அடுக்கியிருக்கும்வரை ஒளி தடையில்லாமல் ஊடுருவிப் போகும். சூடு பட்டால் புரதம் உருக்குலைந்து ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளும். கட்டி கட்டியான இடத்தில் ஒளி நேரே போக முடியாமல் நாலாபக்கமும் சிதறும். சிதறின ஒளிதான் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. முட்டையை வேகவைத்தால் தண்ணீர்போல இருந்த கரு வெள்ளையாகிறதே, அதே சங்கதி. உங்கள் பெண் எடுத்தது வெந்துபோன லென்ஸ். அதன் வழியாக எந்த மீனும் பார்த்திருக்காது என்று அவள் நினைத்தது மிகச் சரி.

இனி தொட்டித் தண்ணீர். கண்ணில் ஒளியைக் குவிப்பது முழுக்க லென்ஸ்தான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் கண்ணின் மொத்தக் குவிக்கும் திறன் ஏறக்குறைய 60 டையாப்டர் (கண்ணாடியின் பவரை அளக்கும் அலகு). அதில் 43 அளவுக்கு, அதாவது மூன்றில் இரண்டு பங்கு, முன்னால் தெளிவான மூடிபோல இருக்கும் கார்னியாவின் வேலை. ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது வேகம் மாறுவதால் ஒளி வளைகிறது. ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு மெதுவாகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1, கார்னியாவுக்கு 1.376. வித்தியாசம் பெரிது, அதனால் நன்றாக வளைகிறது. தண்ணீருக்கு 1.333. முங்கியதும் கார்னியாவுக்கு வெளியேயும் ஏறக்குறைய அதே பொருள் வந்துவிடுகிறது, ஒளி வளைய ஒன்றுமே இல்லை. ஒரே முங்கில் 40 டையாப்டருக்கு மேல் போய்விடும். மிச்சமிருக்கிற லென்ஸ் எவ்வளவு முயன்றாலும் ஈடுகட்ட முடியாது. நீச்சல் கண்ணாடி போட்டால் தெளிவாவது கார்னியாவுக்கு முன்னால் காற்று திரும்ப வந்துவிடுவதால்.

மீனுக்கு இந்தச் சலுகை பிறவியிலேயே கிடையாது. கார்னியா கைகொடுக்காது, எல்லா வேலையும் லென்ஸ்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் வலைக்கார அண்ணன் சொன்ன மாதிரி முழு உருண்டை.

நாகை வலைக்காரன்
ஞாயிறு, இரவு 9.30

அம்மா, ஒரு கேள்வி. சாதாரணக் கண்ணாடிக் கோலிக்குண்டு வழியாப் பார்த்தா ஓரமெல்லாம் கோணலாத் தெரியும். மீனுக்கு அப்படித் தெரியாதா?

இயற்பியல் டீச்சர்
திங்கள், காலை 6.20

தெரியாது. அங்கேதான் லென்ஸின் பெருமை. கோலிக்குண்டு உள்ளே வெளியே ஒரே கண்ணாடி. மீன் லென்ஸ் வெங்காயம்போல அடுக்கடுக்கானது. வெளித்தோல் பக்கம் மென்மையாகவும், நடுவே போகப்போகப் புரதம் அடர்ந்து கடினமாகவும் இருக்கும். ஒளி ஒவ்வோர் அடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து போவதால் ஓரத்தில் வந்ததும் நடுவில் வந்ததும் ஒரே புள்ளியில் சேர்ந்துவிடுகின்றன. இப்படி அடர்த்தி மாறிக்கொண்டே போகிற உருண்டையில் ஒளி எப்படிப் போகும் என்று இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1854-இல் கணக்குப் போட்டார். சாப்பாட்டுத் தட்டிலிருந்த மீனைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். இன்றும் அதற்கு "மேக்ஸ்வெல் மீன்கண்" என்றுதான் பெயர்.

நம் லென்ஸிலும் இதே அடுக்கு உண்டு. நடுவில் இருப்பது நாம் பிறப்பதற்கு முன்பே உண்டான செல்கள். அதன்மேல் ஆயுள் முழுக்க அடுக்கு ஏறிக்கொண்டே இருக்கும், பழையது உதிராது. இரத்தக்குழாயும் கிடையாது. 2016-இல் கிரீன்லாந்து சுறாக்களின் வயதை இந்த நடுக்கருவை வைத்துத்தான் கணித்தார்கள். அதில் பெரிய சுறாவுக்குக் குறைந்தது 272 வயது என்று வந்தது. நம் தஞ்சையில் சரபோஜி மன்னர் பிறக்கும் முன்பே நீந்திக்கொண்டிருந்த மீன்.

வெண்ணாற்றுத் தண்ணி
திங்கள், காலை 10.50

டீச்சர், நான் ப்ளஸ் டூவோட நிறுத்திட்டு வயல் பார்க்குறவன். பள்ளிக்கூடத்துல படிச்சதுலேருந்து ஒண்ணு மண்டையில ஏறவே இல்ல. கிட்டப் பார்க்கும்போது சிலியரித் தசை சுருங்கும், லென்ஸ் தடிக்கும்னு எழுதியிருந்துச்சு. தசை இறுகினா லென்ஸை இழுத்துத் தட்டையாத்தானே ஆக்கணும்? எப்படித் தடிக்கும்? அப்போ மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிட்டேன்.

இயற்பியல் டீச்சர்
திங்கள், மாலை 5.35

மனப்பாடம் பண்ண வைத்த குற்றம் எங்களுடையது தம்பி. வயல்காரர் என்று சொன்னீர்கள், களத்துக்கே வாருங்கள்.

மழை வரும்போல இருக்கிறது. களத்தில் எட்டுப் பேர் வட்டமாக நின்று, நடுவில் கொஞ்சம் நெல் கிடக்கிற தார்ப்பாயை ஓரம் பிடித்துத் தூக்குகிறீர்கள். எல்லோரும் பின்னால் சாய்ந்து நின்றால் பாய் விறைத்துத் தட்டையாகும். எட்டுப் பேரும் ஓர் அடி முன்னால் வந்தால்? பிடி தளர்ந்து பாய் நடுவில் தொப்பையாகும்.

அந்த எட்டுப் பேர் நிற்கிற வட்டம்தான் சிலியரித் தசை. அது லென்ஸைச் சுற்றி ஒரு வளையம். லென்ஸை அது நேராகத் தொடுவதில்லை. நடுவில் மெல்லிய இழைகள் கட்டியிருக்கின்றன. தசை சும்மா இருக்கும்போது வளையம் அகன்று, இழைகள் விறைத்து, லென்ஸ் தட்டையாக இருக்கும். அது தூரப் பார்வை. தசை சுருங்கினால் வளையம் குறுகும், அதாவது எட்டுப் பேரும் உள்ளே வருகிறார்கள். இழை தொய்ந்ததும் லென்ஸ் தன் சுபாவப்படி உப்பிக்கொள்ளும். அது கிட்டப் பார்வை. பாய்க்கும் லென்ஸுக்கும் ஒரே வித்தியாசம், பாய் நெல்லின் பாரத்தால் தொங்குகிறது, லென்ஸ் தன் உறையின் இழுவையால் தானாக உருண்டை பிடிக்கிறது. ஆகவே, கண் ஓய்வாக இருப்பது தூரத்து வரப்பைப் பார்க்கும்போது. உழைப்பது போனைப் பார்க்கும்போது.

இதை 1855-இல் விளக்கியவர் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ். அதற்கும் முன்னால், 1801-இல், தாமஸ் யங் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு காரியம் செய்தார். கிட்டே பார்க்கும்போது மாறுவது கார்னியாவா லென்ஸா என்று அப்போது வழக்கு. யங் தன் கண்ணோடு ஒட்டினாற்போலத் தண்ணீர் நிரப்பிய சிறு குழலை வைத்துக் கார்னியாவின் வேலையை அழித்துவிட்டு, இழந்த திறனுக்கு முன்னால் ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தார். அப்போதும் அவரால் கிட்டேயும் தூரத்திலும் மாற்றி மாற்றிப் பார்க்க முடிந்தது. வழக்கு தீர்ந்தது. திருவையாற்றுப் பாப்பா தொட்டியில் செய்த சோதனைதான் அது.

வெண்ணாற்றுத் தண்ணி
திங்கள், மாலை 6.10

பதினெட்டு வருஷமா இருந்த முடிச்சு. அவுந்துருச்சு டீச்சர்.

நாகை வலைக்காரன்
திங்கள், இரவு 7.45

மீன் எப்படிக் கிட்ட தூரம் பார்க்கும்? அந்தக் குண்டு கல்லு மாதிரி இருக்கே, உப்பாதே?

இயற்பியல் டீச்சர்
திங்கள், இரவு 8.30

உப்பாது. மீன் லென்ஸையே உள்ளுக்குள் நகர்த்திக்கொள்ளும். லென்ஸை இழுக்க அதற்கென்று ஒரு குட்டித் தசை உண்டு. கேமராவும் இப்படித்தான்.

கண்ணாடிக்கடை (கும்பகோணம்)
செவ்வாய், காலை 11.20

டீச்சர் சொன்ன உப்பல் வயசாக வயசாகக் குறையுதே, அதுதான் என் பிழைப்பு. 22 வருஷமாக் கடை வச்சிருக்கேன். வெள்ளெழுத்துன்னு நம்ம பெரியவங்க வச்ச பேரு எவ்வளவு பொருத்தம் பாருங்க. நாப்பது தாண்டுனதும் எழுத்து வெளிறிப் போகுது, பேப்பரைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளித் தள்ளிப் பிடிக்கிறாங்க.

கணக்கு ரொம்ப சுலபம். 1 மீட்டரைத் தூரத்தால வகுத்தா எவ்வளவு டையாப்டர் வேணும்னு வந்துரும். 25 சென்டிமீட்டர்ல படிக்க 4 வேணும், 50 சென்டிமீட்டர்ல பார்க்க 2 போதும். பத்து வயசுப் புள்ளைக்கு லென்ஸ் 14 வரைக்கும் கூட்டிக் குடுக்கும். அதான் மூக்குல புத்தகத்தை வச்சுப் படிக்குதுங்க. நாப்பதுகளோட நடுவுல 3, 4-ன்னு ஆயிடும். அறுபதுல 1 இருந்தா அதிகம். நாங்க குடுக்குற ப்ளஸ் ஒண்ணு, ஒண்ணரை, ரெண்டுங்கிறது லென்ஸு கொடுக்க முடியாமப் போனதை வெளியிலேருந்து கொடுக்குறதுதான்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லணும். திருபுவனத்துலேருந்து ஒரு பட்டு நெசவாளர் வந்தார், 46 வயசு. வேற எங்கேயோ கண்ணாடி வாங்கியிருக்கார். பேப்பர் நல்லாப் படிக்கிறார், தறியில உட்கார்ந்தா தலைவலி, சரிகை இழை அறுந்தது தெரியல. எந்தத் தூரத்துல வேலை பார்க்குறீங்கன்னு யாருமே அவரைக் கேக்கல. நான் ஒரு நூலைக் கையில குடுத்து, "கண்ணுலேருந்து இழை வரைக்கும் பிடிச்சு முடிச்சுப் போட்டு எடுத்துட்டு வாங்க"ன்னு அனுப்புனேன். முடிச்சு 58 சென்டிமீட்டர்ல இருந்துச்சு. பேப்பர் படிக்கிற தூரத்துக்குப் போட்ட பவர் தறிக்கு அதிகம். முக்கால் பவர் குறைச்சுக் குடுத்தேன், சரியாப் போச்சு. தையல்காரர், நகை வேலை செய்றவங்க, தறிக்காரங்க எல்லாரும் கண்ணாடி வாங்கப் போகும்போது வேலை பார்க்குற தூரத்தை அளந்துட்டுப் போங்க.

வெண்ணாற்றுத் தண்ணி
செவ்வாய், மதியம் 1.00

கண் பயிற்சி பண்ணா வெள்ளெழுத்து போயிடும்னு வாட்ஸப்புல வருதே அண்ணே?

கண்ணாடிக்கடை
செவ்வாய், மதியம் 1.25

தசை பலவீனமானா பயிற்சி உதவும். இங்க முக்கியமா மாறுறது லென்ஸு, அது இறுகிப் போகுது. எட்டுப் பேரும் உள்ளே வந்தாலும் பாய் தகரம் மாதிரி விறைச்சு நின்னா தொப்பை விழுமா?

குடமுருட்டிக்கரை
புதன், இரவு 9.10

எல்லாத்தையும் பாப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். தார்ப்பாய் விளையாட்டைப் பெட்ஷீட்டை வச்சு வீட்லயே செஞ்சு பார்த்துட்டா.

இன்னொரு சந்தோஷமான சங்கதி. எங்க அப்பாயிக்கு 74 வயசு. இருபத்தஞ்சு வருஷமாக் கண்ணாடி இல்லாம ஒரு எழுத்துப் படிக்க முடியாது. போன மாசத்துலேருந்து கண்ணாடியக் கழட்டி வச்சிட்டுத் தினக் காலண்டர்ல நல்ல நேரம் எம கண்டம் எல்லாம் வெறுங்கண்ணால படிக்கிறாங்க. திருவாரூர் போய்ச் சாமிக்கு வேண்டிக்கிட்டாங்க, சுந்தரருக்குக் கண்ணு கொடுத்த எடமாச்சேன்னு. வீட்ல எல்லாருக்கும் ஒரே ஆச்சரியம்.

கண் வார்டு அக்கா (தஞ்சாவூர்)
புதன், இரவு 10.40

தம்பி, உங்க சந்தோஷத்தைக் கெடுக்கணும்னு சொல்லல. அப்பாயியக் கூட்டிட்டுப் போய்க் கண்ணைக் காட்டுங்க, இந்த வாரமே. நான் கண் வார்டுல நர்சா இருந்தவ. இப்படிச் சொல்லிட்டு வந்த பாட்டிங்களை நெறையப் பார்த்திருக்கேன்.

லென்ஸோட நடுப்பகுதி இறுகிப் புரை பிடிக்க ஆரம்பிக்கும்போது அதோட ஒளிவிலகல் எண் கூடும். கூடினா லென்ஸுக்குப் பவர் ஏறும். அந்த ஏறின பவர்தான் படிக்கிற கண்ணாடியோட வேலையச் செய்யுது. கிட்டத்துல தெளியும், அதே நேரம் தூரம் மங்கும். அப்பாயிக்கிட்ட கேட்டுப் பாருங்க: தெரு முனையில வர்றவங்க முகம் தெரியுதா, ராத்திரி வண்டி லைட்டு எதிரே வந்தா பூப்பூவா விரியுதா.

குடமுருட்டிக்கரை
வியாழன், காலை 7.15

கேட்டேன் அக்கா. ரெண்டும் அப்படித்தானாம். தூரத்துல வர்றது நானா பக்கத்து வீட்டுக்காரரான்னு குரலை வச்சுத்தான் கண்டுபிடிக்கிறாங்களாம். எங்ககிட்ட சொல்லவே இல்ல.

வெண்ணாற்றுத் தண்ணி
வியாழன், காலை 8.30

எங்க ஊர்ல நந்தியாவட்டைப் பூவைப் பிழிஞ்சு விட்டா புரை கரையும்பாங்க. ஆப்பரேஷனுக்கு முன்னாடி அதைப் பார்க்கலாமே?

கண் வார்டு அக்கா
வியாழன், காலை 9.05

வேண்டவே வேண்டாம். இதை எவ்வளவு தடவை வேணும்னாலும் சொல்வேன்.

நம்ம ஊர்ல பூ வேற, புரை வேற. கண்ணுல பூ விழுந்திருக்குங்கிறது கார்னியாவுல தழும்பு. புரைங்கிறது அதுக்குப் பின்னாடி, கண் பாப்பாவுக்கும் (கருவிழி நடுவுல இருக்குற ஓட்டை) பின்னாடி, உறைக்குள்ள மூடியிருக்கிற லென்ஸ் மங்குறது. மேல என்னத்தைப் பிழிஞ்சாலும் அந்தப் புரை கரையாது. டீச்சர் சொன்னாங்களே, வெந்த முட்டை திரும்பப் பச்சையாகுமா?

ஆனா பிழிஞ்ச சாறு கார்னியாவைக் கெடுக்கும். எங்க மாமாவுக்கு அறுப்புல நெல் தாள் கண்ணுல கீறிடுச்சு. ஒரு சின்னக் கீறல்தான். பக்கத்துல யாரோ சொன்னாங்கன்னு நாலு நாள் பச்சிலை பிழிஞ்சு விட்டாங்க. பூஞ்சை பிடிச்சுப் புண்ணாகி, அஞ்சாம் நாள் கூட்டிட்டு வரும்போது கருவிழி மேல வெள்ளையாக் காசு மாதிரி படர்ந்திருந்துச்சு. கண்ணு போயிடுச்சு. நான் கண் வார்டுல வேலை பார்த்தும் என் வீட்ல நடந்துச்சு. வயல்ல தாள், உமி, தூசி எது பட்டாலும் சுத்தமான தண்ணில கழுவிட்டு நேரா டாக்டர். சாறு, எண்ணெய், தாய்ப்பால் எதுவும் கூடாது. கடையில கேட்டு வாங்குற ஸ்டீராய்டு சொட்டு அதைவிட மோசம்.

அப்பாயிக்குப் பயப்பட ஒண்ணுமில்ல. முந்தி மாதிரி புரை முத்தட்டும்னு காத்திருக்க வேண்டியதில்ல. சர்க்கரை, பிரஷர் பார்த்துட்டு, ஸ்கேன்ல கண்ணோட நீளமும் கார்னியா வளைவும் அளந்து, அவங்களுக்குன்னு பவர் கணக்குப் போட்டு லென்ஸ் வைப்பாங்க. 3 மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டுல புரையை உடைச்சு உறிஞ்சிட்டு, அதே உறைக்குள்ள மடிச்ச லென்ஸை விரிச்சு விடுவாங்க. அந்த லென்ஸு உப்பாது. அதனால படிக்க மறுபடி கண்ணாடி தேவைப்படும், அதை முன்னாடியே அப்பாயிக்கிட்ட சொல்லிடுங்க.

இயற்பியல் டீச்சர்
வியாழன், மாலை 4.00

அக்கா சொன்னதில் எனக்குச் சேர்க்க ஒன்று உண்டு. போர் விமானிகளின் கண்ணில் விமானி அறைக் கூரையின் பெர்ஸ்பெக்ஸ் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்) சில்லுகள் தைத்தும் கண் அதைப் பகையாக நினைக்காமல் இருந்ததை லண்டனில் கண் மருத்துவர் ஹரோல்ட் ரிட்லி கவனித்தார். 1949-இல் அதே பொருளில் லென்ஸ் செய்து முதன்முதலாக ஒரு கண்ணுக்குள் வைத்தார். நம் பக்கம் அது வெகுகாலம் ஏழைக்கு எட்டாத விலை. 1992-இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை சார்ந்த ஆரோலேப் இங்கேயே தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான் கிராமத்துப் பாட்டிகளுக்கும் வந்தது.

தஞ்சாவூர் போனால் பாப்பாவைச் சரஸ்வதி மகாலுக்கும் கூட்டிப்போங்கள். சரபோஜி மன்னர் காலத்துக் கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளை, கண்ணின் படம் வரைந்து எழுதியவற்றை, அங்கே பாதுகாக்கிறார்கள்.

குடமுருட்டிக்கரை
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 6.30

அப்பாயிக்கு வலது கண்ணு ஆப்பரேஷன் முடிஞ்சுது. மறுநாள் கட்டுப் பிரிச்சதும் முதல்ல பார்த்தது என் பொண்டாட்டி கட்டியிருந்த புடவைய. "இது ஏன் இவ்ளோ நீலமா இருக்கு, புதுசா?"ன்னாங்க. மூணு வருஷமாக் கட்டுற புடவை. இவ்வளவு நாளா அதைப் பாசிப் பச்சைன்னு நெனச்சிருக்காங்க.

கண் வார்டு அக்கா
ஞாயிறு, மாலை 6.55

வயசான லென்ஸு மஞ்சளாயிடும் தம்பி, நீலத்தை உள்ளே விடாது. அடுத்த கண்ணையும் தள்ளிப் போடாதீங்க. இப்போ ஒவ்வொரு கண்ணா மூடிப் பார்க்கச் சொல்லுங்க, வித்தியாசம் அவங்களுக்கே தெரியும்.

குடமுருட்டிக்கரை
ஞாயிறு, இரவு 8.20

பார்த்துட்டாங்க. இடது கண்ணால பச்சை, வலது கண்ணால நீலம். பாப்பாவைப் பக்கத்துல உட்கார வச்சு மாத்தி மாத்தி மூடிப் பார்த்துக்கிட்டே இருக்காங்க.

இன்னிக்குக் காலையில சந்தையில சட்டித் தண்ணில உசிரோட இருந்த விராலா ஒண்ணு வாங்கினேன். சுத்தம் பண்ணும்போது ஒரு கண்ணை மட்டும் குழம்புக்கு விடாம தனியா எடுத்தேன். பிளேடால மேல் மூடியக் கீறி லேசா அமுக்கினதும் வழுக்கிட்டு வெளிய வந்துச்சு. மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, தொட்டா பிசுபிசுன்னு. வலைக்கார அண்ணன் சொன்ன மாதிரி சுத்தமான கண்ணாடி. பாப்பா அதைப் பேப்பர் எழுத்து மேல வச்சா, "க" பெரிசா எழும்பி நின்னுச்சு. அப்புறம் ஒரு ஈர்க்குச்சி நுனியில ஒட்டி ஜன்னலுக்கு நேரே பிடிச்சுக் கண்ணுக்கிட்ட கொண்டு போனா.

"அப்பா, நம்ம தென்னைமரம் தலைகீழா தொங்குது"ன்னா. அப்பாயி எந்திரிச்சு வந்து, குச்சிய வாங்கி, புதுக் கண்ணால பார்த்தாங்க.